பெயர் சொல்லும் கல்: செங்கம் முதல் காரைக்கால் வரை

நவம்பர் 11 அன்று காரைக்காலில் பிரெஞ்சுப் போர்வீரர் நினைவுச் சின்னத்தின் முன் ஒரு சிறு கூட்டம் கூடும். மார்பில் பதக்கம் குத்திய முன்னாள் ராணுவத்தினர் வருவார்கள், அரசு அலுவலர்கள் வருவார்கள். மலர்வளையம் வைப்பார்கள், சற்று நேரம் மௌனமாக நிற்பார்கள், கலைந்து போவார்கள். ஜூலை 14 அன்றும் இதே காட்சிதான். ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. ஆனால் அந்த எளிய சடங்கின் துண்டுகள் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவை. மௌனம் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து வந்தது. இறந்தவர்களுக்கென்று பிரெஞ்சு ராணுவம் ஊதும் எக்காள இசை, இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் பார்த்துச் செய்துகொண்டது. செத்துப்போன சாதாரண வீரனின் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பதோ, காரைக்காலிலிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்விடக்கூடிய செங்கம் பகுதியில் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே வழக்கத்தில் இருந்தது.

அங்கிருந்தே தொடங்குவோம். நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் முறை வகுத்திருக்கிறது. தகுந்த கல்லைக் கண்டு தேர்வது, அதை எடுத்துவரும் வேலையைத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையல் வைப்பது, வாழ்த்துவது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று காதைகள் வரிசையாக வருவது இந்தப் படிகளை ஒட்டித்தான். கண்ணகிக்கு இமயத்தில் கல்லெடுத்தான் சேரன். மாடு மீட்கப் போய் மாண்ட இளைஞனுக்கு ஊரார் பக்கத்துக் குன்றில் கல்லெடுத்தார்கள். கல்லின் தூரம்தான் வேறு, முறை ஒன்றே.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. ஒன்றில் கூடலூர் ஆகோள் பூசலையும் (மாடு கவரும் சண்டை), அதில் இறந்தவன் பெயரையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். நான்கைந்து சொல்லுக்குள் ஒரு ஆள், ஒரு ஊர், ஒரு சண்டை.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டியது எடுத்தனூர்க் கல். திருவண்ணாமலை மாவட்டத்தில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தொறுப்பூசலில், அதாவது மந்தைக்கான சண்டையில், பட்டான். கல்லில் அவன் ஆயுதத்தோடு நிற்கிறான், பக்கத்தில் ஒரு நாய். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்து சொல்கிறது. பல்லவப் பேரரசனின் ஆட்சியாண்டும் ஒரு நாயின் பெயரும் ஒரே கல்லில். இந்தக் கல்லைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. உலகின் பெரும் படைகள் தங்கள் சிப்பாயின் பெயரையே எழுதாமல் விட்ட நூற்றாண்டுகள் பின்னால் வரப்போகின்றன. அவற்றோடு வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கல்லின் பெருமை தெரியும்.

கல்லோடு ஒரு கடனும் இருந்தது. இறந்தவன் குடும்பத்துக்கு ஊராரோ அரசனோ நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்று கல்வெட்டுகள் அதைக் குறிக்கின்றன. இரண்டுக்கும் பொருள் குருதிக்கு ஈடாகக் கொடுத்த நிலம். நினைவுக்குக் கல், நன்றிக்கு நிலம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வரும்.

செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் காலில் இடறும் அளவுக்கு நடுகற்கள் கிடைக்க, காவிரிக் கழிமுகத்தில் ஏன் அப்படி இல்லை? தோண்டத் தோண்ட வண்டல்தான். கல் வேண்டுமென்றால் வெகு தூரத்திலிருந்து வர வேண்டும். அரசர்களால் முடிந்தது, ஊராருக்குக் கட்டுபடியாகாது. கும்பகோணம் அருகே திருப்புறம்பியத்தில் 9ஆம் நூற்றாண்டில் நடந்த பெரும்போரில் மாண்ட கங்க மன்னன் பிருதிவீபதிக்குப் பள்ளிப்படை என்னும் நினைவுக் கோயில் எழுந்தது. கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். அதே போரில் விழுந்த சாதாரண ஆட்களுக்கு அப்படி ஒன்று எழவில்லை. கழிமுகத்தின் ஊர் எல்லையில் வெயிலில் நிற்கும் வீரன் சாமிகளும், சுடுமண் குதிரைகளும், செங்கல் பீடங்களும்தான் இந்த மண்ணின் நடுகற்கள் என்பது என் எண்ணம். மதுரைவீரனுக்குக் கிடா வெட்டிப் படையலிடும் குடும்பம், வெட்டுண்டு இறந்த ஒரு போர்வீரனை ஆண்டுதோறும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது கடல் தாண்டுவோம். கிரேக்கத்தில் கி.மு. 490இல் மாரத்தானில் விழுந்த 192 ஏதென்ஸ்காரர்களைக் களத்திலேயே ஒரு மேடு எழுப்பிப் புதைத்தார்கள். பிறகு ஏதென்ஸ் நகரம் போரில் இறந்தவர்களின் பெயர்களை இனக்குழு வாரியாகக் கல்லில் பட்டியலிட்டது. அதன் பிறகு ஐரோப்பா அந்தப் பழக்கத்தை நெடுங்காலம் மறந்தது. தளபதிக்குச் சிலை, சிப்பாய்க்குக் குழி.

அந்த மறதியின் அடி ஆழம் வாட்டர்லூ. 1815இல் அங்கே விழுந்தவர்களின் பற்களைப் பிடுங்கிப் பொய்ப்பல் செய்து விற்றார்கள். 1822இல் இங்கிலாந்துப் பத்திரிகைகள் இன்னொரு செய்தி எழுதின. நெப்போலியன் காலத்துப் போர்க்களங்களிலிருந்து மனித எலும்பும் குதிரை எலும்பும் கப்பல் கப்பலாக ஹல் துறைமுகத்தில் இறங்குகின்றன, யார்க்ஷயர் ஆலைகளில் அரைபட்டு வயலுக்கு எருவாகப் போகின்றன என்று. வெற்றி வீரனும் தோற்ற வீரனும் ஒரே மூட்டையில்.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் ஒருவருக்கு மனம் உறுத்தியது. கார்ல் ஃபிஃபர் என்ற அதிகாரி. 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் அரண்மனையில் பிரெஞ்சு மன்னனைக் காத்த சுவிஸ் காவற்படையை மக்கள் கூட்டம் வெட்டிச் சாய்த்தபோது, அந்தப் படையைச் சேர்ந்த இவர் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். தோழர்கள் செத்தார்கள், இவர் பிழைத்தார். பல ஆண்டுகள் கழித்துப் பணம் திரட்டி, டென்மார்க்கின் தோர்வால்ட்சனிடம் வடிவம் வாங்கி, பாறையில் ஒரு சாகும் சிங்கத்தைச் செதுக்க வைத்தார். 1821இல், அதாவது 29 ஆண்டு கழித்து, திறப்பு விழா. சிங்கத்தின் கீழே அதிகாரிகளின் பெயர்கள் இருக்கின்றன. சிப்பாய்களுக்கு? சுமார் 760 பேர் என்று ரோமன் எண்ணில் ஒரு கணக்கு, அவ்வளவே. பெயருக்கும் எண்ணுக்கும் நடுவிலுள்ள இந்தக் கோட்டைத் தாண்ட ஐரோப்பாவுக்கு இன்னும் நூறு ஆண்டு தேவைப்பட்டது.

முதல் எட்டை அமெரிக்கா வைத்தது. உள்நாட்டுப் போரின் நடுவில், 1862இல், சிப்பாய்களுக்கென்றே தேசிய இடுகாடுகள் அமைக்கச் சட்டம் வந்தது. பிரான்சும் ஜெர்மனியும் சண்டையை முடித்துக்கொண்ட 1871 ஃபிராங்க்ஃபர்ட் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு இன்னும் விசித்திரமானது. தன் மண்ணில் கிடக்கும் எதிரி நாட்டு வீரனின் கல்லறையையும் பராமரிப்போம் என்று இரு நாடுகளும் அதில் கையெழுத்திட்டன.

இனி காரைக்காலுக்குத் திரும்புவோம். அது 1739 முதலே பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. நடுவே ஆங்கிலேயர் பலமுறை பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். சுற்றிலும் ஆங்கிலேய ஆட்சியிலிருந்த தஞ்சை ஜில்லா, நடுவில் அரசலாற்றங்கரையில் இந்தத் துண்டு நிலம். 1881இல் ஒரு பிரெஞ்சு ஆணை வந்தது. தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்கள் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களுக்குச் சமமான உரிமை பெறலாம் என்றது. புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' என்று பெயர் சேர்த்துக்கொண்டது இந்த வழியில்தான். அவரைப் பார்த்துப் பல குடும்பங்கள் அதே வழியில் போயின. 1914இல் போர் வந்தபோது பிரெஞ்சு இந்தியாவின் ஊர்களிலிருந்து ஆட்கள் கப்பலேறினார்கள். ஊர்ப் பேச்சில் அவர்கள் 'சொல்தா'க்கள்.

இங்கே ஒரு சட்டம் கதையையே திருப்பியது. 1915 ஜூலை 2 அன்று பிரான்ஸ், போரில் இறந்தவரின் இறப்புப் பதிவேட்டில் 'பிரான்சுக்காக உயிர் நீத்தவர்' என்று எழுத வேண்டும் என்றது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வாசகம். 1919 அக்டோபர் 25 சட்டம் இறந்தோரைப் போற்றும் முறைகளை வகுத்தது, நினைவுச் சின்னம் எழுப்பும் ஊர்களுக்கு மானியமும் அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் 30,000க்கும் மேற்பட்ட ஊர்களில் தூண்கள் முளைத்தன.

சிற்பிகள் போதவில்லை. எனவே வியாபாரிகள் வந்தார்கள். வார்ப்பாலைகள் பட விலைப்பட்டியல் அச்சடித்து ஊராட்சித் தலைவர்களுக்கு அனுப்பின. படம் பார்த்து எண் குறித்து எழுதினால் ரயிலில் சிலை வந்து இறங்கும். யூஜீன் பெனே வடித்த, வலது கையில் மாலையை உயர்த்திய வெற்றிச் சிப்பாய் சிலை டூரென் வார்ப்பாலையில் ஏறத்தாழ 900 படிகள் வார்க்கப்பட்டது. ஒரே முகம் 900 ஊர்களில். சிலை ஒன்றாக இருக்கலாம், அதன் கீழே இருக்கும் பெயர்கள் அந்தந்த ஊரின் பிள்ளைகளுடையவை. ரொட்டிக்காரர் மகன், லாடம் அடிப்பவர் மகன். அதனால்தான் நகல் சிலை என்று யாரும் குறைப்படவில்லை.

பெயரே தெரியாதவனுக்கு என்ன செய்வது? 1920 நவம்பர் 10, வெர்தன் கோட்டைச் சுரங்கத்தில் எட்டுச் சவப்பெட்டிகள். எட்டிலும் அடையாளம் தெரியாத வீரர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஓகஸ்த் தென் என்ற 21 வயதுச் சிப்பாயை அழைத்தார்கள். அவருடைய தந்தையே போரில் காணாமல் போனவர். கையில் பூச்செண்டு. தென் ஒரு கணக்குப் போட்டார். அவருடைய படைப்பிரிவு 132ஆவது. ஒன்றும் மூன்றும் இரண்டும் ஆறு. அது சேர்ந்திருந்ததும் ஆறாவது படையணி. ஆறாவது பெட்டியின் மேல் பூவை வைத்தார். மறுநாள் அந்தப் பெட்டி பாரிஸ் வெற்றி வளைவுக்குப் போனது. உலகமெங்கும் படியெடுக்கப்பட்ட 'பெயர் தெரியாத வீரர்' கல்லறைகளில் ஒன்றுக்குரியவரைத் தீர்மானித்தது ஓர் இளைஞனின் மனக்கூட்டல். இங்கிலாந்தும் அதே நாளில் வெஸ்ட்மின்ஸ்டரில் தன் பெயரிலி வீரனை அடக்கம் செய்தது. 1923இல் பாரிஸ் கல்லறையில் அணையா விளக்கு ஏற்றினார்கள். டெல்லி இந்தியா கேட்டில் 1972 முதல் எரிந்து, 2022இல் தேசியப் போர் நினைவகத்தின் சுடரோடு இணைந்த அமர் ஜவான் ஜோதி அந்த விளக்கின் வழித்தோன்றல்.

மௌனத்தின் கதை சின்னது. கேப்டவுனில் 1918 மே மாதம் முதல், நண்பகல் பீரங்கி முழங்கியதும் ஊரே நின்று போர்முனையில் இருப்பவர்களை நினைத்தது. அங்கிருந்து யோசனை லண்டனுக்குக் கடிதமாகப் போய், 1919 நவம்பர் 11 அன்று பேரரசு முழுவதும் இரண்டு நிமிடம் நின்றது. பிரான்ஸ் பின்னர் அதை ஒரு நிமிடமாக எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இறந்தோருக்கான எக்காள இசை இருக்கிறது, நமக்கு இல்லையே என்று பிரெஞ்சுத் தளபதி கூரோவுக்குக் குறை. அவர் சொல்லி 1931இல் பிரெஞ்சு ராணுவத்துக்கும் ஒன்று இயற்றப்பட்டது.

ஆங்கிலேய ஆட்சிப் பக்கம் என்ன நடந்தது? சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் இன்றும் ஒரு சிறு கல் பலகையைப் பார்க்கலாம். பள்ளிச் சுவரிலோ, சாவடியிலோ, மணிக்கூண்டிலோ பதித்திருக்கும். இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். வாசகம் எங்கும் ஒன்றே, எண்ணிக்கை மட்டும் மாறும். பெயர் கிடையாது. நாயின் பெயரைக்கூட எழுதி வைத்த நாட்டில் பிள்ளைகளின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வெட்டினார்கள். எனக்கு இதில் இன்னும் மனம் ஆறவில்லை.

தற்செயலான விடுபடல் என்றும் சொல்லிவிட முடியாது. ஈராக்கின் பாஸ்ரா நினைவகத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன, இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாகவே நின்றார்கள். லூசெர்ன் சிங்கத்தின் அதே கோடு, நூறு ஆண்டு கழித்து நிறத்தின் மேல் விழுந்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் மத்திய கிழக்கினரும், பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றது அது.

விட்ட பெயர் சில நேரம் தானே திரும்பி வரும். காரைக்காலைப் போலவே பிரெஞ்சுத் துண்டு நிலமாக இருந்த வங்காளத்துச் சந்திரநாகூரின் அருங்காட்சியகத்தில் உடைந்த மூக்குக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. ஜோகேந்திர நாத் சென் என்பவருடையது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, அங்கேயே மின் நிலையத்தில் வேலை பார்த்து, 1914இல் லீட்ஸ் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். 1916 மே 22 இரவு பிரான்சில் குண்டடிபட்டு இறந்தார். லீட்ஸ் பல்கலைக்கழக நினைவுப் பலகையில் 'ஜே. என். சென்' என்று பெயர் இருந்தது. யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சந்திரநாகூரில் கண்ணாடி இருந்தது. லீட்ஸ் பலகையை அங்கே யாரும் அறியவில்லை. 2005இல் ஆய்வாளர் சாந்தனு தாஸ் அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்து எழுதிய பிறகுதான் இரண்டு ஊரும் தங்கள் பிள்ளையைச் சேர்த்து அறிந்தன.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் பெரிய நினைவகம் 1938 ஏப்ரல் 3 அன்று திறக்கப்பட்டது. போர் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டு. அடுத்த போருக்கு ஒன்றரை ஆண்டுகூட இல்லை. பிரெஞ்சு இந்தியாவின் சொல்தாக்கள் இரண்டாம் உலகப்போருக்கும் போனார்கள், பிறகு இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனார்கள். பிரான்சின் ஊர்களில் 1945க்குப் பின் புதுத் தூண் எழுப்புவது குறைந்தது; பழைய தூணிலேயே புதுப் பெயர்களைச் சேர்த்தார்கள்.

1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைந்தது. ஆட்சி மாறும்போது முதலில் அடிபடுவது பழைய ஆட்சியின் கல்தான். சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் வீரர்களுக்கு நேதாஜி 1945 ஜூலை 8 அன்று அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் உடனே தகர்த்தார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து போன எத்தனையோ தமிழருக்கு அதுதான் ஒரே கல். 1995இல்தான் சிங்கப்பூர் அரசு அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைத்தது. காரைக்காலில் அப்படி நடக்கவில்லை. போன நாட்டின் கல்லுக்கு வந்த நாட்டின் அலுவலர்கள் மலர் வைக்கிறார்கள். இறந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள் என்ற ஒரு காரணம் போதுமானதாக இருந்திருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவை யாரும் சொல்லாமலே இந்த ஊர் கடைப்பிடிக்கிறது.

உதிரப்பட்டிக்கு வருவோம். புதுச்சேரி, காரைக்கால் வீதிகளில் 'பிரெஞ்சு பென்ஷன்' என்றால் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பணம்தான் கைம்பெண்களைக் காத்தது, வீடு கட்டியது. மற்ற குடியேற்ற நாட்டு வீரர்களுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. 1959 டிசம்பரில் வந்த ஒரு பிரெஞ்சு நிதிச் சட்டம், விடுதலை பெற்ற நாடுகளின் பழைய வீரர்களுக்கான ஓய்வூதியத்தை அன்றைய தொகையிலேயே உறைய வைத்தது. அதை இளக்கியது ஒரு திரைப்படம். வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றி ரஷீத் பூஷரெப் எடுத்த 'அந்திஜென்' 2006இல் வந்தது. குடியரசுத் தலைவர் சிராக் படம் பார்த்தார், தொகையைச் சமன் செய்வோம் என்று அறிவித்தார். முழுச் சமன் 2011இல் வந்தது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.

நம் நாட்டில் 1999 கார்கில் போர் ஒரு மாற்றத்தைக் கொண்டு வந்தது. அதற்கு முந்தைய போர்களில் விழுந்தவர்களைப் பெரும்பாலும் களத்துக்கு அருகிலேயே எரித்தார்கள். கார்கிலில் உடல்கள் சொந்த ஊருக்கே வந்தன. திருச்சியின் மேஜர் மாரியப்பன் சரவணன் மே 29 அன்று படாலிக் பகுதியில் விழுந்தார். பனிமலையிலிருந்து உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. திருச்சியில் இன்று அவர் பெயரில் நினைவிடம் உண்டு. மாடு மீட்டவனுக்கு அவன் ஊரே கல்லெடுத்த பழைய முறை ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் வந்திருக்கிறது.

பூவும் பயணப்பட்ட ஒன்றுதான். ஆங்கிலேயருக்குச் சிவப்புப் பாப்பி, பிரெஞ்சுக்காரருக்கு நீலப் பூ. முதல் உலகப்போர் நூற்றாண்டையொட்டி, டெல்லியிலுள்ள ஒருங்கிணைந்த படைச் சேவை நிறுவனம் இந்தியாவுக்குச் செண்டுமல்லியைப் பரிந்துரைத்தது. துலுக்கச் சாமந்தி, கேந்திப்பூ என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் அதே பூ. நம் மாலைக்கடைகளில் குவிந்து கிடப்பதால் நம் மண்ணின் பூ என்றே நினைக்கிறோம். அது மெக்சிகோவிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் வந்தது. அங்கே ஒவ்வொரு நவம்பர் தொடக்கத்திலும் இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்க வாசலில் தூவுவது அந்தப் பூவைத்தான்.

இப்போது தேடல் காகிதத்திலிருந்து திரைக்கு வந்துவிட்டது. முதல் உலகப்போரில் 'பிரான்சுக்காக உயிர் நீத்தவர்' என்று குறித்த 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் 2003 முதல் இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர், படைப்பிரிவு, பிறந்த ஊர், இறந்த இடம், எதனால் இறந்தார் என்பது வரை கையெழுத்தில் இருக்கும். பார்க்கக் கட்டணம் இல்லை. கொள்ளுத்தாத்தா கப்பலேறினார், திரும்பவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கும் காரைக்கால் குடும்பங்கள், திருநள்ளாறு, நிரவி, கோட்டுச்சேரிக் குடும்பங்களும்தான், அங்கே தேடலாம். ஊரையும் பெயரையும் அன்றைய பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எனவே ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் முயலுங்கள். அட்டை கிடைத்தால் படியெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அடுத்த நவம்பரில் சொல்ல ஒரு பெயர் இருக்கும்.